கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும், அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா பேசி முடித்துப் போன் என் கைக்கு வரும்போது எனக்கு "உம்" மட்டும்தான் வருகிறது. போன வாரம் நீங்கள் கேட்ட ஏழு கேள்விக்கும் "உம்" என்றேனாம். அதில் ஒன்று, "உங்கம்மா என்னைத் திட்டுறாளா?" என்பது. பக்கத்தில் நின்ற அம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குப் போகிறேன், அப்பா. இரண்டு வாரம் ஆகிறது. கோபப்படாமல் படியுங்கள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் முன்பு டிக்கெட் அச்சடித்த இரண்டு அறைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடக்கிறது. டிரைவர், கண்டக்டர், பஸ் கழுவுகிறவர்கள் எல்லோருடைய குழந்தைகளும் வருகிறார்கள். எல்லாம் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை. பெருக்குவது, டம்ளர் கழுவுவது, தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை. அச்சு யந்திரம் நின்ற இடத்தில் தரையில் இன்னும் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. குழந்தைகள் தினமும் அதில் கடலை போடுகிறார்கள். நான் தினமும் எடுக்கிறேன்.

இது நான் படித்த பள்ளிக்கூடம் மாதிரி இல்லை. கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை. அலமாரிகள் என் முழங்கால் உயரம், கதவே கிடையாது. எந்தக் குழந்தைக்கு எது வேண்டுமோ அதைத் தானே எடுத்துப் பாய் விரித்து வேலை செய்யலாம். விளையாட்டு என்று சொல்லக் கூடாதாம், வேலைதானாம். முடித்ததும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு பெண் குழந்தை கூஜாவைக் கவிழ்த்துவிட்டாள். எல்லோரும் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் துணியோடு ஓடினேன். கண்ணாடி போட்ட டீச்சர் என் தோளைத் தொட்டு, "அது அவ கொட்டின தண்ணி. அவளே பாத்துப்பா, விடு" என்றார். புயல் ஒரு குட்டித் துடைப்பானைக் கொண்டுவந்து கால் மணி நேரம் துடைத்தாள். தண்ணீர் கொட்டாத இடத்தையும் சேர்த்துத் துடைத்தாள். என் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

இன்னொன்று. இங்கே உருளைக் கட்டை என்று ஒன்று இருக்கிறது. நீளமான பலகையில் பத்துத் துளை, அதில் பத்து மர உருளை, தூக்குவதற்கு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். மழை ஈரத்தில் பலகை பிளந்துவிட்டது. கண்ணாடி டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போன கோழிக்குஞ்சைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 28

என் செல்லப் பாப்பாவுக்கு,

அப்பா நல்லா இருக்கேன். முதுகு இருக்கிற இடத்துலதான் இருக்கு.

வேலைக்குப் போயி ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றியே, உங்கம்மாவும் கூட்டுக் களவாணியா? முந்தாநாள் போன்ல மணிக்கணக்கா தண்ணிக் குழாய் ரிப்பேரைப் பத்திப் பேசினா, இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. பொம்பளைங்க ரெண்டு பேரும் சேந்தா மலையையே முந்தானையில மறைச்சிடுவீங்க.

கோபம் இல்லை கண்ணு. கவலைதான். யாராவது ஏதாவது கேட்டா நீ முழிப்பியே. சின்ன வயசுல டாக்டர் "எங்கம்மா வலிக்குது?"ன்னு கேட்டா நீ என் சட்டையைப் பிடிச்சு இழுப்பே. நான்தான் "காதுல வலிக்குதுங்க"ன்னு சொல்லுவேன். ஒரு தடவை உனக்கு வலிச்சது பல்லு. நான் காதுன்னு சொல்லி, காதுக்கு மருந்து வாங்கிட்டு வந்தோம். அதுவும் சரியாப் போச்சு, அது வேற கதை.

உன் சித்திகிட்ட பேசியிருக்கேன். அவ தையல் கடையில உள் ரூம்ல பட்டன் வைக்கிற வேலை இருக்கு. கதவைச் சாத்திட்டு உக்காந்தா யாரும் உன்கிட்ட வாய் குடுக்க மாட்டாங்க. உனக்குத் தோதான வேலை. யோசி.

அதுவரைக்கும் அந்த உருளைக் கட்டைக்கு அளவு எடுத்து அனுப்பு. இங்க கதவுப் பட்டறையில நல்ல மரமா துண்டு துண்டா கிடக்கு, எரிக்கத்தான் போடுறாங்க. மேஸ்திரி கண்ணுல படாம செஞ்சு குடுத்திடறேன். உன் கண்ணாடி டீச்சர் இனிமே கோழிக்குஞ்சைப் பாத்து அழ வேண்டாம்.

அப்பா


ஜூலை 17

அன்புள்ள அப்பாவுக்கு,

அளவுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பழைய மடக்கு ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்தேன். பத்துத் துளைக்கும் ஒரே ஆழம். அகலம் மட்டும் ஒவ்வொன்றும் முந்தியதை விட உங்கள் தச்சுக் கணக்கில் ஒரு நூல் கூட. ஒவ்வொரு உருளையும் அதனதன் துளையில்தான் சரியாக உட்காரும். அடிக்கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

இங்கே ஒரு அதிசயம் நடந்தது. போன வாரம் கண்ணாடி டீச்சருக்குத் தொண்டை கட்டி, காற்று மட்டும்தான் வந்தது. அன்று ஒரு குழந்தைக்குத் துணி மடிக்கக் காட்டித்தர வேண்டும். டீச்சர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் பாயில் உட்கார்ந்தேன். பேசத் தெரியாததால் பேசவில்லை. துணியின் ஒரு மூலையைப் பிடித்து, மெதுவாக அடுத்த மூலைக்குக் கொண்டுபோய், ஓரத்தோடு ஓரம் வைத்து, விரலால் நீவினேன். அவ்வளவுதான். நிமிர்ந்தால் ஐந்து குழந்தைகள் சுற்றி நிற்கிறார்கள், மூச்சு விடாமல். புயலும் நின்றாள்! அவள் நின்று இந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லையாம்.

மறுநாள் தொண்டை சரியானதும் டீச்சர் சொன்னார்: "பேசிக்கிட்டே காட்டினா குழந்தை நம்ம வாயைப் பாக்கும், கையைப் பாக்காது. வாயை மூடிக்கிட்டுக் காட்ட எனக்கு ஆறு மாசம் ஆச்சு. நீ எங்க கத்துக்கிட்டே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த முறை எப்படி வந்தது என்று பெரிய டீச்சர் டீ குடிக்கும்போது சொன்னார். அவர்தான் பள்ளியை நடத்துகிறவர். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தாராம். "இதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த குழந்தைகளோடு முதலில் வேலை செய்தாராம். பிறகு ஏழைகள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு பெரிய குடியிருப்பு. பெற்றோர்கள் வேலைக்குப் போய்விட, குழந்தைகள் படிக்கட்டையும் சுவரையும் கிறுக்கிப் பாழாக்கினார்களாம். சுவரைக் காப்பாற்றத்தான் கட்டிடத்துக்காரர்கள் ஒரு அறையைக் கொடுத்தார்களாம். படிப்புக்காக இல்லை, சுண்ணாம்புக்காக! அந்த அறையைப் பார்த்துக்கொள்ள டாக்டரம்மா யாரை வைத்தார் தெரியுமா? அந்தக் கட்டிடத்துக் காவல்காரரின் மகளை. ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாத பெண். பயிற்சி பெற்றவர்கள் வந்தால் பழைய பழக்கத்தில் குழந்தைகளை அதட்டி உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயமாம்.

ஒரு நாள் சாமான் வைத்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்களாம். அன்றைக்கு அந்தப் பெண் வகுப்புக்கு வரவும் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். திட்டுவதற்குப் பதிலாக டாக்டரம்மா பூட்டையே எடுத்துவிட்டாராம். இங்கே எங்கள் அலமாரிக்குக் கதவு இல்லாததும் அந்த மறதியால்தான். இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் குழந்தைகள் இதே பத்து உருளைகளை எடுத்து வைக்கிறார்களாம்.

இன்னும் ஒன்று. நவம்பரில் பெரிய டீச்சர் இங்கிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறார். முடித்தால் வகுப்பில் உதவி டீச்சர். பத்தாவது முடிக்காதவர்களும் போகலாமாம். கண்ணாடி டீச்சர் என் பேரையும் எழுதிவிட்டார். மூன்று பேருக்கு எதிரே உட்கார்ந்து, கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நினைத்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் எனக்கு ஆசையாக இருக்கிறது, அப்பா. பட்டன் வேண்டாம். இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

உங்கள் அன்பு மகள்


ஆகஸ்ட் 12

செல்லப் பாப்பாவுக்கு,

பக்கத்து ரூம்காரர் ஊருக்கு வர்றார், அவர்கிட்ட கட்டையைக் குடுத்து விட்டிருக்கேன். பிரிச்சுப் பாரு. உப்புத்தாள் நாலு தடவை போட்டேன். கன்னத்துல வச்சுத் தேச்சாக்கூட ஒண்ணும் ஆகாது. நான் தேச்சுப் பாத்தேன். ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க.

ஒரு திருத்தம் பண்ணியிருக்கேன். நீ குடுத்த அளவுல செஞ்சப்ப உருளை கச்சிதமா, இறுக்கமா இருந்துச்சு. மூணு வயசுப் பிஞ்சு விரலால இதை எப்படிப் போடும்? கை நடுங்கும், திணறும், அழும். அதனால துளையை எல்லாம் ஒரு நூலுக்கு மேலயே பெருசாக்கிட்டேன். இப்ப எந்தக் குழந்தை போட்டாலும் வழுக்கிக்கிட்டு உள்ள போயிடும். திணறலே கிடையாது.

அந்த டாக்டரம்மா பெரிய படிப்பு படிச்சிருக்கலாம். ஆனா அவங்க தச்சர் இல்லையே!

பயிற்சி விஷயம் படிச்சேன். மூணு பேரா? அப்பாவை நினைச்சுக்கோ.

அப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். இவ்வளவு வழவழப்பான மரத்தைப் பார்த்ததில்லை என்று பெரிய டீச்சர் சொன்னார். அம்மா நலம். இங்கே மழை.

உங்கள் அன்பு மகள்


செப்டம்பர் 20

செல்லப் பாப்பாவுக்கு,

என்ன கண்ணு, இந்தத் தடவை தந்தி அடிச்ச மாதிரி எழுதியிருக்கே? வேலை அதிகமா?

பெரிய டீச்சர் சொன்னதை ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். இன்னும் மூணு கட்டைக்கு மரம் அறுத்து வச்சிட்டேன். ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு உக்காரட்டும் பிள்ளைங்க.

அப்புறம், உன் நேர்காணலைப் பத்திக் கவலையே படாதே. உன் பெரிய டீச்சருக்கு அப்பா ஒரு லெட்டர் போட்டிருக்கேன். நம்ம பாப்பா கூச்ச சுபாவம், கேள்வி கேட்டா மிரண்டுடுவா, அவகிட்ட எதுவும் கேக்காம வேலையை மட்டும் பாத்துத் தேர்ந்தெடுங்கன்னு, மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். நீ நிம்மதியா இரு. அப்பா இருக்கேன்ல?

அப்பா


அக்டோபர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை நான்காம் தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். "ஏண்டி, பேப்பரைத் தின்னுறியா?" என்று அம்மா கேட்டாள். இதைக் கிழிக்கப்போவதில்லை.

அந்த மூன்று கட்டைகளுக்கும் துளை போட்டுவிட்டீர்களா? போடாவிட்டால் கொஞ்சம் நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய கட்டையை முதலில் எடுத்தது புயல்தான். பத்து உருளையையும் வெளியே எடுத்துக் கலந்து, ஒவ்வொன்றாகப் போட்டாள். இரண்டாவது உருளை முதல் துளைக்குள் போனது. மூன்றாவது இரண்டாவதற்குள் போனது. அப்படியே கடைசிவரை எல்லாம் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டன. எல்லாவற்றிலும் சின்ன உருளை மட்டும் மிச்சம். அது மிகப் பெரிய துளைக்குள் கிணற்றில் போட்ட கல் மாதிரி விழுந்தது. பத்தும் தப்பு. ஆனால் பத்தும் உள்ளே. இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். மறுநாள் யாரும் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேர் உருளைகளைத் தரையில் உருட்டிப் பஸ் ஓட்டினார்கள்.

பழைய கட்டை அப்படி இல்லை, அப்பா. தப்பான துளையில் வைத்தால் உள்ளே போகாது, இல்லையென்றால் தொளதொளவென்று ஆடும். கடைசியில் ஒரு உருளை கையில் மிஞ்சும், அதற்கு இடமே இருக்காது. அப்போது குழந்தை நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். நாம் ஒன்றும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் கட்டையைப் பார்த்துவிட்டு, அதுவே எல்லாவற்றையும் எடுத்து மறுபடி ஆரம்பிக்கும். ஒரு குழந்தை பதினான்கு தடவை செய்ததை நான் எண்ணியிருக்கிறேன். தப்பைச் சொல்வது டீச்சர் இல்லை, அந்தக் கட்டை. அதனால் யாருக்கும் வெட்கம் இல்லை. அந்த இறுக்கம் போனால் கட்டையில் ஒன்றுமே இல்லை.

கண்ணாடி டீச்சர் உங்கள் கட்டையை எடுத்து உயரமான ஷெல்பில் வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாதே, பாவம், மனசு சங்கடப்படுவார்" என்றார். நானும் சொல்லவில்லை. வழவழப்பு என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

இப்போது உங்கள் லெட்டர். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். "உங்கப்பா சொல்ற மாதிரியே பண்ணிடலாமா? உன்னை ஒண்ணும் கேக்காம விட்டுடலாமா?" என்று கேட்டார். லெட்டரை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு "கேளுங்க" என்றேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன் என்று நீங்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் சொல்கிறீர்கள். ஒன்பதாவதில் வாசிக்கச் சொன்னபோது நான் திக்கினேன், பிள்ளைகள் சிரித்தார்கள், அதனால் பயந்து நின்றுவிட்டேன் என்று. அது இல்லை, அப்பா. சிரித்த மறுநாள் நீங்கள் வேலைக்கு லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். "எங்க பாப்பாவை எதுவும் கேக்காதீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்டார்கள். அதற்கப்புறம் என்னை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. கேள்வி வரிசையாக வரும், என் பக்கத்தில் வந்ததும் என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். எனக்குப் பதில் தெரிந்த நாளிலும் தாண்டியது. பத்தாவதில் பாதி வருஷம் வரை அப்படியே போனது. சிரித்தபோதாவது நான் அங்கே இருந்தேன். பிறகு நான் இருக்கிறேனா, பெஞ்சு இருக்கிறதா என்று வித்தியாசம் இல்லை. அதனால்தான் நின்றேன்.

நீங்கள் எனக்காகத்தான் செய்தீர்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

மூன்று கட்டையையும் என் அளவிலேயே செய்யுங்கள். கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்


நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அம்மாவிடம் போனில் இரண்டு தடவை பேசினீர்கள், என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. "அப்பனும் மகளும் எக்கேடும் கெட்டுப் போங்க, நடுவுல என்னை மத்தளம் ஆக்காதீங்க" என்கிறாள் அம்மா. பரவாயில்லை. நீங்கள் படிக்கும்வரை நான் எழுதுகிறேன்.

நேர்காணல் முடிந்தது.

பெரிய டீச்சர், கண்ணாடி டீச்சர், பயிற்சி நிலையத்திலிருந்து வந்த ஒரு அம்மா. அந்த அம்மாவுக்குத் தும்மல். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு தும்மல். அது எனக்கு வசதியாக இருந்தது, யோசிக்க நேரம் கிடைத்தது.

முதல் கேள்வி, "இந்த ஆறு மாசத்துல இங்க என்ன கவனிச்சே?" என்பது. பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. சுவரில் கடிகாரம்தான் இருந்தது. அதன் பெரிய முள் இரண்டு கோடு நகர்ந்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் எனக்காகப் பதில் சொல்லவில்லை, யாரும் அடுத்த கேள்விக்குத் தாவவும் இல்லை.

பிறகு சொன்னேன். "புயல் முதல்ல எல்லாத்தையும் தூக்கிப் போடுவா. இப்ப தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்தறா. அப்புறம்தான் போடுறா. அந்த நிறுத்தறது புதுசு."

தும்மல் அம்மா எழுதுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்புறம்?" என்றார். அப்புறம் என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. திக்கினேன். நான்கைந்து தடவை திக்கினேன். ஒரு கேள்விக்குத் "தெரியலை" என்றேன். அதைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நேற்று சொல்லிவிட்டார்கள். ஜனவரியிலிருந்து பயிற்சி. அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு, "டீச்சரம்மா, போய்ப் பாத்திரத்தைக் கழுவு" என்றாள்.

உங்களிடம் முதலில் சொல்ல நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்துவிட்டாள்.

உங்கள் அன்பு மகள்


டிசம்பர் 5

பாப்பாவுக்கு,

உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு. முதல் லெட்டரைப் படிச்சிட்டு மூணு நாள் யார்கூடவும் பேசலை. கோபம்னு நினைச்சுக்காதே. கோபமா இருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேன்.

கும்பிட்டதை நீ பாத்தேன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என் பிள்ளையைக் காப்பாத்திட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தேன். இதுக்கு மேல அதைப் பத்தி எழுத வரலை.

மூணு கட்டையும் உன் அளவுல முடிச்சாச்சு. மேஸ்திரி கண்ணுல பட்டுடுச்சு. போட்டுப் பாத்தார். மூணு தடவை தப்பாப் போட்டார். விட மாட்டேன்னு மத்தியானச் சாப்பாட்டு நேரம் பூரா உக்காந்துட்டார்.

உனக்கு ஒண்ணு சொல்லணும். உங்கம்மாவுக்கும் தெரியாது. எங்க ரூம்ல ஒருத்தன் இருக்கான், வக்கீல்னு கூப்பிடுவோம். இந்த ஊர் பாஷை அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் வந்த நாள்லேர்ந்து என் காரியம் எல்லாம் அவன்தான் பேசுவான். முதலாளி என்னை ஏதாவது கேட்டா நான் வக்கீல் மூஞ்சியைப் பாப்பேன், அவன் பதில் சொல்லுவான். ரெண்டு வருஷமா இப்படித்தான். முதலாளிக்கு என் குரல் எப்படி இருக்கும்னே தெரியாது. உன் கூச்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்கம்மா எப்பவும் கேப்பா. நான் அவங்க வீட்டு வழின்னு சொல்லிட்டுத் தப்பிச்சுக்குவேன்.

போன திங்கக்கிழமை வக்கீலை வெளியில நிக்க வச்சிட்டு நான் மட்டும் முதலாளி ரூமுக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச பாஷை மொத்தம் நாப்பது வார்த்தை இருக்கும், அதுல பாதி மரத்தோட பேரு. லீவு வேணும்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டார். "பொண்ணு. டீச்சர்"னு சொன்னேன். அதுக்கு மேல வார்த்தை இல்லை. அவர் காத்துக்கிட்டு இருந்தார். நானும் நின்னேன். அப்புறம் "பாக்கணும்"னு சொன்னேன்.

எழுந்து கை குடுத்தார். ஒரு மாசம் லீவு. ஜனவரி பத்தாம் தேதி வர்றேன்.

வெளியில வந்ததும் வக்கீல் கேட்டான், "என்னண்ணே, நான் இல்லாமலே கேஸை ஜெயிச்சிட்டீங்க?"ன்னு.

வந்ததும் நீ வேலை செய்றதை ஒரு நாள் பாக்கணும். யாரைக் கேக்கணும், பெரிய டீச்சரையா, உன்னையா? உன்னைத்தான் கேக்கறேன். வரலாமா?

அப்பா


டிசம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

வரலாம்.

வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி நிலையத்தில் இருப்பேன், மீதி மூன்று நாள் இங்கே வகுப்பில். நீங்கள் வியாழக்கிழமை வாருங்கள், அன்று கூட்டம் குறைவு. பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் வகுப்பில் சில விதிகள் உண்டு. பெரிய டீச்சருக்கும் அதே விதிகள்தான், அதனால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

செருப்பை வெளியே விட வேண்டும். கதவு ஓரத்தில் ஒரு குட்டி நாற்காலி இருக்கிறது, அதில்தான் உட்கார வேண்டும். முழங்கால் காதைத் தொடும், பழகிவிடும். குழந்தை தானாக வந்து பேசினால் பதில் சொல்லலாம், நாமாகக் கூப்பிடக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டக் கூடாது. புயல் உங்களை "நீங்க யாரு? ஏன் மீசை வெள்ளையா இருக்கு? நீங்க எந்த பஸ்?" என்று கேட்பாள். அதற்கு உங்கள் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும், என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஒரு குழந்தை பட்டன் போடத் தெரியாமல் நெளியும். தண்ணீர் கொட்டும். நான் யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு வார்த்தை வராமல் நிற்கும். எது நடந்தாலும் எழுந்து வரக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கை தானாக ஓடும். முடியும் என்று தோன்றினால் எழுதுங்கள். அம்மாவிடம் போனில் சொல்லி அனுப்ப வேண்டாம், எனக்கே எழுதுங்கள்.

நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்